பிரவுன் வழக்குத் தீர்ப்பு: மதராசி கேம்ப் மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

புதுடெல்லி: அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதமானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. பிரவுன் வழக்கு எனப்படும் இதனை, வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவிலிருந்து தொடங்கினால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். டெல்லி ஜங்புராவில் இருந்த மதராசி கேம்ப் தமிழ்க் குழந்தைகள் அத்தொலைவை நன்கறிவர்.

கான்சாஸ் மாநிலம், டொபீகா நகரச் சிறுமி லிண்டா பிரவுனின் வீட்டிலிருந்து ஏழு தெரு தள்ளி இருந்த பள்ளி வெள்ளையருக்கு மட்டுமானது. அவரோ ரயில் தண்டவாளங்களைக் கடந்து, பேருந்து பிடித்து, கறுப்பினத்தவருக்கான தொலைதூரப் பள்ளிக்குச் சென்றார். தந்தை ஆலிவர் பிரவுன் உள்ளிட்ட பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். வேறு சில வழக்குகளும் இதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டன. கறுப்பினத்தவர் தரப்பில் தர்குட் மார்ஷல் வாதாடினார். ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற 1896-ஆம் ஆண்டுக் கோட்பாடு கல்விக்குப் பொருந்தாது என தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் உள்ளிட்ட 9 நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். கட்டடமும் ஆசிரியர்களும் நிகராக இருப்பினும், பிரித்து வைப்பதே சமமின்மை என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 1957-இல் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய ராணுவப் பாதுகாப்பு தேவைப்பட்டது.

மதராசி கேம்ப் விவகாரம் வேறு. பாராபுல்லா வாய்க்காலின் நீரோட்டத்தைத் தடுக்கும் ஆக்கிரமிப்பு என்ற அடிப்படையில், டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று குடிசைகள் இடிக்கப்பட்டன. இரண்டையும் ஒன்றெனக் கற்பிப்பது பிழை. ஆயினும் குழந்தைகளின் கேள்வி நியாயமானது. 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என முதலில் அறிவிக்கப்பட்டது. அவ்வீடுகள் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள நரேலாவில் உள்ளன. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகளில் ஒன்றுகூட அங்கு இல்லை. கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கி.மீ., நடுநிலைப் பள்ளி 3 கி.மீ. தொலைவுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும் என்று விதி கூறவில்லை.

இவர்களுக்கு நெருக்கமான இந்தியத் தீர்ப்பு, மும்பை நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கு. வாழும் உரிமையில் வாழ்வாதாரமும் அடங்கும் என 1985-இல் உச்ச நீதிமன்றம் கூறியதை 8-ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் எடுத்துரைத்தது. அதே தீர்ப்பு, மழைக்காலம் கருதி அவ்வாண்டு அக்டோபர் 31 வரை மட்டுமே அவர்களை அகற்றத் தடை விதித்தது.