மஞ்சள் வயரிலிருந்து எச்.டி.எம்.ஐ. வரை: ஒரு கேபிள் வரலாறு

டிவிடி பிளேயரை டிவியோடு இணைத்துப் பார்த்தவர்களுக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற அந்த மூன்று வயர்கள் நன்றாகத் தெரியும். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு, மஞ்சள் படத்துக்கு. ஆனால் அந்த மஞ்சள் முனை முதலில் படத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல! 1930-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இசைத்தட்டுக் கருவியை ரேடியோவோடு இணைப்பதற்காகச் செய்த முனை அது. டிவி வந்தது, வீடியோ டேப் வந்தது, டிவிடி வந்தது... முனை மட்டும் மாறவில்லை.

"நல்ல கேபிளா வாங்குங்க சார், படம் பளிச்சுனு இருக்கும்" என்று கடையில் சொல்வார்களே, அது உண்மையா பொய்யா? எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் அது உண்மை. பிறகு ஏறக்குறைய பொய். இப்போது மறுபடியும் கொஞ்சம் உண்மை!

கதை கலர் டிவியிலிருந்து தொடங்குகிறது. 1953-இல் அமெரிக்கா என்.டி.எஸ்.சி. என்ற கலர் ஒளிபரப்பு முறையை ஏற்றுக்கொண்டது. அப்போது அந்த நாட்டு வீடுகளில் ஏற்கனவே லட்சக்கணக்கான கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. அவற்றைத் தூக்கி எறியச் சொல்ல முடியாது. எனவே பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். படத்தின் வெளிச்சத்தைச் சொல்லும் சிக்னலை அப்படியே வைத்துவிட்டு, நிறத்தைச் சொல்லும் சிக்னலை அதற்குள்ளேயே 3.58 மெகாஹெர்ட்ஸில் ஒளித்து வைத்தார்கள். பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், புதிய பெட்டி இரண்டையும் பிரித்துக்கொள்ளும். அருமையான யோசனைதான். ஆனால் பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போன்ற வேலை அது. முழுமையாகப் பிரியாது. கோடு போட்ட சட்டை அணிந்தவர் திரையில் வந்தால் சட்டையில் வானவில் ஓடும், எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊரும். மஞ்சள் வயர் சுமந்தது இந்தக் கலவையைத்தான். எத்தனை விலை உயர்ந்த செம்பில் கேபிள் செய்தாலும் அந்த வானவில் போகாது, ஏனென்றால் கோளாறு வயரில் இல்லை, சிக்னலிலேயே இருக்கிறது.

இதற்கு முதலில் உருப்படியான பதில் சொன்னவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 21 முனைகள் கொண்ட ஸ்கார்ட் என்ற இணைப்பை 1970-களில் உருவாக்கி, 1980 முதல் தங்கள் நாட்டில் விற்கும் புதிய டிவிகளில் கட்டாயமாக்கினார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அனுப்ப அதில் வழி இருந்தது. கலக்கவே இல்லை என்றால் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை அல்லவா? பார்க்க அசிங்கமான, தடித்த, லேசாக இழுத்தாலே கழன்றுவிடும் முனைதான் ஸ்கார்ட். ஆனாலும் ஐரோப்பிய வீடுகளில் அது சாதாரணமாகப் புழங்கிய பல ஆண்டுகள், அமெரிக்க வீடுகளில் மஞ்சள் வயர்தான்.

கேபிளின் தரம் உண்மையிலேயே முக்கியமாக இருந்தது இந்த ஸ்கார்ட் காலத்தில்தான். ஒரே உறைக்குள் படமும் போகிறது, ஒலியும் போகிறது, இரண்டு திசையிலும் போகிறது. மலிவான கேபிளில் ஒவ்வொரு கம்பிக்கும் தனிக் கவசம் இருக்காது. விளைவு? பட சிக்னல் ஒலிக் கம்பிக்குள் புகுந்து "உர்ர்ர்" என்று இரையும். ஒரு சானலின் படத்துக்குப் பின்னால் இன்னொரு சானல் ஆவி மாதிரி தெரியும். சில மலிவு கேபிள்களில் 21 கம்பிகளும் இருக்கவே இருக்காது! அப்போது நல்ல கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு வீண் போகவில்லை.

ஜப்பானின் ஜே.வி.சி. 1987-இல் எஸ்-வி.எச்.எஸ். டேப்போடு எஸ்-வீடியோ இணைப்பைப் பரப்பியது. வெளிச்சத்துக்கு ஒரு ஜோடிக் கம்பி, நிறத்துக்கு ஒரு ஜோடி. டிவிடி 1996-இல் ஜப்பானிலும் 1997-இல் அமெரிக்காவிலும் வந்த பிறகு காம்பொனென்ட் என்ற பச்சை, நீலம், சிவப்பு வயர்கள் பரவின. மஞ்சளிலிருந்து எஸ்-வீடியோவுக்கு, அதிலிருந்து காம்பொனென்ட்டுக்கு என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் படம் கண்ணுக்குத் தெரிய மேம்பட்டது. கவனிக்க வேண்டியது, மேம்பாடு வந்தது இணைப்பின் வகையால், கம்பெனியின் பெயரால் அல்ல.

ஆனால் கடைகள் விற்றது பெயரைத்தான். கேபிளுக்கு ஒரு பெயரும் பெருமையும் உண்டு என்று அமெரிக்கர்களை நம்ப வைத்தவர் நோயல் லீ. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் பொறியாளராக இருந்தவர். ஸ்பீக்கர் வயர்களை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்து, 1970-களின் கடைசியில் மான்ஸ்டர் கேபிள் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் புரிந்துகொண்ட வியாபார ரகசியம் எளிமையானது: டிவியில் கடைக்காரருக்கு லாபம் குறைவு, கேபிளில் அதிகம். டிவி வாங்க வந்தவரிடம் கேபிளைத் தள்ளிவிட்டால் கடைக்குக் கொண்டாட்டம். 2004-இல் சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் மைதானத்துக்கே "மான்ஸ்டர் பார்க்" என்று பெயர் வைக்கும் அளவுக்கு அந்தக் கேபிள் காசு வளர்ந்தது. 2008-இல் அந்த நிறுவனம் புளூ ஜீன்ஸ் கேபிள் என்ற சிறிய நிறுவனத்துக்குக் காப்புரிமை நோட்டீஸ் அனுப்பியது. சிறிய நிறுவனத்தின் உரிமையாளர் முன்பு வழக்கறிஞராக இருந்தவர்! அவர் எழுதிய நீண்ட பதில் கடிதம் இணையத்தில் உலகம் சுற்றியது.

இதற்குள் கேபிளுக்குள் போகும் சரக்கே மாறிவிட்டது. சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி, தாம்சன், மட்சுஷிதா, சிலிக்கான் இமேஜ் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. 1.0-ஐ வெளியிட்டன. 19 முனைகள், ஒரே கேபிளில் படமும் ஒலியும், எல்லாமே 0, 1 என்ற டிஜிட்டல் எண்கள். அனலாக்கில் சிக்னல் கொஞ்சம் கெட்டால் படமும் கொஞ்சம் கெடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. 1 கொஞ்சம் நசுங்கி வந்தாலும் அது 1 என்று டிவிக்குத் தெரிந்துவிடும், படம் துளியும் மாறாது. எல்லை தாண்டினால்தான் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அதற்கும் மேலே போனால் படமே போய்விடும். நிறம் ஆழமாவது, கறுப்பு அடர்த்தியாவது எல்லாம் எச்.டி.எம்.ஐ. கேபிளால் முடியாத காரியம். தங்க முலாம்? துருப்பிடிக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான். ஆனால் அனலாக் காலத்து வசனங்கள் அட்டைப் பெட்டியிலிருந்து இறங்கவே இல்லை. 120 ஹெர்ட்ஸ் டிவிக்குத் தனிக் கேபிள் என்று கூட விற்றார்கள். கூடுதல் பிரேம்களை உருவாக்குவது டிவியின் உள்ளே இருக்கும் சிப் என்பதை எந்தப் பெட்டியும் சொல்லவில்லை.

காம்பொனென்ட் ஏன் செத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தரக் குறைவால் அல்ல. எச்.டி. படத்தை அது நன்றாகவே கொண்டுபோனது. ஆனால் அதில் பூட்டுப் போட முடியாது, எச்.டி.எம்.ஐ.யில் எச்.டி.சி.பி. என்ற பூட்டு உண்டு. ப்ளூ-ரேயின் உரிம விதிப்படி 2010 முடிவுக்குப் பின் வந்த பிளேயர்கள் அனலாக் வழியே சாதாரணத் தரத்தில்தான் படத்தை அனுப்பலாம். 2013 முடிவுக்குப் பின் தயாரானவற்றில் அனலாக் வழியே கூடாது. காம்பொனென்ட் மட்டுமே உள்ள எச்.டி. டிவியை முதல் ஆளாகப் பணம் கொட்டி வாங்கியவர்கள் நட்டாற்றில் விடப்பட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பூட்டின் மூலச் சாவி 2010 செப்டம்பரிலேயே இணையத்தில் வெளியாகிவிட்டது!

பிறகு வேகம் ஏறியது. 2002-இல் 4.95 ஜிகாபிட், 2006-இல் 10.2, 2013-இல் 18, 2017-இல் 48. ஒரு நொடிக்கு! 1080பி காலத்தில் தாராளமாக வேலை செய்த கேபிள் 4கே காலத்தில் திணறியது. இரண்டு மீட்டரில் ஓடியது பத்து மீட்டரில் கருந்திரை காட்டியது. தரம் என்ற சொல்லுக்கு மறுபடி அர்த்தம் வந்தது. ஆனால் இந்த முறை அளவுகோல் "பளிச்" அல்ல, சோதனையில் தேறியதா இல்லையா என்பதே. கேபிளில் 2.0, 2.1 என்று எண் போட்டு விற்பதை உரிம விதிகள் தடை செய்தன. எண் கருவிக்கு, கேபிளுக்கு "ஹை ஸ்பீட்", "அல்ட்ரா ஹை ஸ்பீட்" போன்ற வேகப் பெயர் மட்டுமே. 18 ஜிகாபிட்டுக்கு 2015-இலும், 48 ஜிகாபிட்டுக்கு 2020-இலும் சான்றிதழ்த் திட்டங்கள் வந்தன. பெட்டியில் ஒட்டியிருக்கும் சதுரக் குறியீட்டை எச்.டி.எம்.ஐ. அமைப்பின் ஆப்பில் ஸ்கேன் செய்தால் அது சான்று பெற்ற கேபிளா என்று கடையிலேயே தெரிந்துவிடும். அந்தச் சான்று உள்ள சாதாரணக் கேபிளும் தங்கம் பூசிய கேபிளும் காட்டுவது ஒரே படம்.

நீளம் அதிகம் வேண்டுமென்றால் செம்பு கைவிட்டுவிடும், உள்ளே கண்ணாடி இழை வைத்த கேபிள்கள் அதற்காக வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு முனை பிளேயருக்கு, மறுமுனை டிவிக்கு என்று எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படமே வராது.