கரும்புகையும் கண்ணுக்குத் தெரியாத புகையும்

பெட்ரோல் கார் புகை மோசமா, டீசல் கார் புகை மோசமா என்று கேட்டால் எங்கள் பரவையில் யாரும் யோசிக்காமல் டீசலைத்தான் சொல்வார்கள். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் பழைய லாரி, திண்டுக்கல் சாலையில் நின்று கிளம்பும்போது விடும் கரும்புகையைப் பார்த்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் இந்த இரண்டு புகைகளின் சரித்திரத்தைப் பார்த்தால் தீர்ப்புச் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

மதுரையில் 1912ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழிலைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைப் பொருத்தி, அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டினார்கள். அந்த வாயுவில் எரிந்தது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. பழைய பெட்ரோல் கார்கள் சரியாக எரிக்காமல் சைலன்சர் வழியே வெளியே விட்டதும் அதையேதான். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் கலந்து பிராணவாயு சேரவிடாமல் தடுத்துவிடும்.

இன்னொரு விஷமும் பெட்ரோலில் இருந்தது. எஞ்சின் தட்டாமல் ஓட, 1920களில் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அந்தப் புகைதான் தெருவில் இருந்தது. 1995 ஏப்ரலில்தான் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு ஈயமில்லா பெட்ரோலும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வந்தன. ஈயம் பட்டால் அந்தக் கருவி கெட்டுவிடும். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் போனது.

டீசல் கதை வேறு. அதில் காற்று தாராளமாகப் போவதால் கார்பன் மோனாக்சைடு குறைவு, மைலேஜும் அதிகம். விலையும் குறைவாக இருந்ததால் 1980களுக்குப் பிறகு டாக்சி அம்பாசிடர்கள் டீசலுக்கு மாறின. ஆனால் நுரையீரலின் அடிவரை போகும் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அதில் அதிகம். 2012ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தது. பெட்ரோல் புகையை 'உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. 2015ல் வோல்க்ஸ்வாகன் நிறுவனம், புகைச் சோதனையில் ஏமாற்றும் மென்பொருளை உலகெங்கும் 1 கோடிக்கு மேற்பட்ட டீசல் கார்களில் வைத்திருந்ததும் வெளிவந்தது.

1990களின் தொடக்கத்தில் நம் டீசலில் பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி அது வெறும் 10 பங்கு. இப்போதைய டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு.

ஆகவே, மூடிய ஷெட்டுக்குள் பெட்ரோல் காரை ஓடவிட்டு வைத்திருப்பது உயிருக்கே ஆபத்து. சாலையோரம் நாள் முழுவதும் கடை போட்டிருப்பவர்களுக்குப் பழைய டீசல் வண்டிதான் பெரிய எதிரி. ஒன்று கண்ணுக்குத் தெரிந்ததால் திட்டு வாங்கியது. மற்றது தெரியாததால் பல வருஷம் தப்பித்தது. பேரன் பேத்திகள் கார் வாங்கும்போது எந்த எண்ணெய் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வருஷத்து வண்டி என்றும் கேளுங்கள்.