கிளர்ச்சியின் உடலியலும் தென்காசிக் கொக்கோகமும்

பாலியல் கிளர்ச்சி: தொடுதல், பார்வை, மணம், நினைவு ஆகியவற்றால் தூண்டப்பட்டு மூளையும் நரம்பும் இரத்த ஓட்டமும் தசைகளும் சேர்ந்து உடலில் உண்டாக்கும் மாற்றம். இதைத் தனிப்பொருளாக எடுத்துப் பேசும் பழந்தமிழ் நூல்களில் பெயர்பெற்றது கொக்கோகம். தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றின் கரையிலுள்ள தென்காசியில் ஆண்ட பிற்காலப் பாண்டியரின் பெயரோடு அது இணைத்துச் சொல்லப்படுகிறது.

உடல் காட்டும் குறிகளைக் கூர்ந்து பார்க்கும் வழக்கம் தமிழில் அதற்கும் வெகுகாலம் முந்தையது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலான மெய்ப்பாட்டியல், காதலரின் சந்திப்பில் பெண்ணின் நெற்றி வியர்ப்பதையும், கூந்தல் அவிழ்வதையும், அணிகலனைத் தடவிக்கொண்டிருப்பதையும், உடையைத் திருத்தி உடுப்பதையும் வரிசைப்படி சொல்கிறது. அந்த வியர்வையைத் தானாக இயங்கும் பரிவு நரம்புகளின் வேலை என்று இன்றைய உடலியல் விளக்கும். விளக்கம் பின்னால் வந்தது. கவனிப்பு முன்பே இருந்தது.

கொக்கோகர் என்பவர் வடமொழியில் 15 அதிகாரங்களில் எழுதிய இரதிரகசியமே தமிழ்க் கொக்கோகத்தின் மூலம். தமிழாக்கத்தை 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அதிவீரராம பாண்டியர் செய்தார் என்பது பரவலான வழக்கு. நைடதத்தையும் வெற்றிவேற்கையையும் பாடியவர் அவர். அவருடைய உறவினரான வரதுங்கராம பாண்டியரே ஆசிரியர் என்போரும் உண்டு. இருவரில் யாராயினும், அக்காலத்தில் இந்த வட்டாரம் காமத்தை மறைத்து வைக்கவில்லை. தென்காசி விசுவநாதர் கோயிலிலும், நெல்லைக்குக் கிழக்கே கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலிலும் இரதியும் மன்மதனும் ஆளுயரக் கற்சிலைகளாக எல்லோர் கண்முன்னும் நிற்கிறார்கள்.

கொக்கோகர் சொன்னவற்றில் உடலியலுக்கு மிக நெருக்கமானது சந்திரகலைக் கொள்கை. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில் இது இல்லை. வளர்பிறையில் பெண்ணின் கால் பெருவிரலில் தொடங்கும் காமநிலை, நாள்தோறும் பாதம், முழங்கால், தொப்புள், மார்பு, கழுத்து, இதழ் என மேலேறி, பௌர்ணமியில் தலையை எட்டும். தேய்பிறையில் அதே வழியே இறங்கும். திதி அறிந்து அந்த இடத்தைத் தொட வேண்டும் என்பது விதி. நிலவுக்கும் உணர்ச்சிக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதாக அறிவியல் காணவில்லை. ஆனால் கிளர்ச்சி உறுப்பில் மட்டும் இல்லை, உடல் முழுவதும் பரவியிருக்கிறது, பெண்ணுக்கும் அதில் சம உரிமை உண்டு என்ற புரிதல் அதற்குள் இருக்கிறது. பத்மினி, சித்தினி, சங்கினி, அத்தினி என்று பெண்களைப் பிரித்த பகுதியோ வெறும் கற்பனை. பிற்கால மலிவுப் பதிப்புகள் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

உடலை நேரடியாக அளந்தவர்கள் அமெரிக்கர்களான வில்லியம் மாஸ்டர்சும் வர்ஜீனியா ஜான்சனும். 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆய்வகத்தில் கவனித்து 1966-இல் நூல் வெளியிட்டார்கள். கிளர்ச்சி, மேட்டுநிலை, உச்சம், தணிவு என நான்கு கட்டங்களை வகுத்தார்கள். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சும் கூடுவதைப் பதிவுசெய்தார்கள். யோனியில் ஊறும் ஈரம் சுரப்பியிலிருந்து வருகிறது என்ற பழைய எண்ணம் அப்போது தகர்ந்தது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் நிறைந்து, யோனிச் சுவரிலிருந்தே நீர் கசிகிறது.

ஆணுறுப்பின் விறைப்பும் இரத்தத்தின் கதையே. தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வரும் எதிர்ப்பரிவு நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகின்றன. குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது. இரத்தம் பாய்ந்து நிறைகிறது. வெளியேற்றும் சிரைகள் அழுந்தி மூடுகின்றன. நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களில் செய்தி கடத்துவதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. விறைப்புக் குறைவுக்கான சில்டனாபில் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்ததும் அதே ஆண்டில்தான். பெண்ணின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸ் பாடநூல் படங்களில் உள்ளதைவிட மிகப் பெரியது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓகானல் உடற்கூறாய்வில் காட்டியதும் 1998-இல்தான். இவ்வளவு தாமதம் வெட்கத்துக்குரியது.

நான்கு கட்ட வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. விருப்பம் முன்னே வரலாம், தொடுதலுக்குப் பின்னும் வரலாம் என்று மருத்துவ ஆய்வாளர் ரோஸ்மேரி பாசன் 2000-இல் விளக்கினார். மனம் மறுக்கும்போதும் உடல் தானாக ஈரமாகலாம், விறைக்கலாம். ஆகவே உடலின் மாற்றத்தைச் சம்மதமாகக் கொள்வது தவறு. வன்முறைக்கு ஆளானவர் இதை நினைத்துத் தம்மை நொந்துகொள்ளத் தேவையே இல்லை.

மன்னர் பெயரில் நூல் வழங்கிய இந்த மண்ணிலும் இன்று பாலியலைப் பேச ஆள் இல்லாததால், இளைஞர்கள் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லுக்குப் பயந்து லாட்ஜ் வைத்தியர்களைத் தேடிப் போகிறார்கள். பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விறைப்புக் குறைவு பலருக்குச் சர்க்கரை நோயின், இதயக் குழாய் அடைப்பின் முன்னறிகுறி. அரசு மருத்துவமனையில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதே முதல் வேலை. மார்வலிக்குச் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் சில்டனாபிலைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரியும்.