புரவலர்

‘புரத்தல்’ என்றால் காத்தல், பேணுதல். அதிலிருந்து ‘புரவு’, புரவு உடையவர் புரவலர். இதன் எதிர்ச்சொல்லும் இதே அச்சில் வார்த்தது: இரத்தலிலிருந்து ‘இரவு’, இரவலர்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாடியவர் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். சிற்றரசன் இளவெளிமான் தன் தரம் அறியாமல் தந்த சிறு பரிசை மறுத்துவிட்டு வள்ளல் குமணனிடம் போனார். அங்கே பெற்ற யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டினார். இரவலரும் உண்டு, புரவலரும் உண்டு, நீ புரவலன் அல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார் (புறநானூறு 162). கொடுப்பவரெல்லாம் புரவலர் ஆகிவிடுவதில்லை என்பது அன்றே தெளிவு.

இன்று இந்தச் சொல் நூலகச் சுவரில் நன்கொடையாளர் பெயர்ப்பலகையாகச் சுருங்கிவிட்டது. ஆனால் கலைஞருக்கு இடமும் நேரமும் தந்து தங்கவைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907இல் தொடங்கிய மெக்டவல் கலைஞர் உறைவிடத்தில், மதிய உணவுக் கூடையைக் கலைஞரின் வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவது வழக்கம். கதவைத் தட்டினால் வேலை கலைந்துவிடுமே! இப்படிப்பட்ட உறைவிடங்களை நடத்துவோருக்கென்று 1993இல் பெர்லினில் உருவான அமைப்பு ‘ரெஸ் ஆர்ட்டிஸ்’. அவர்கள் கூடிப் பேசும் மாநாடுகளைத் தமிழில் ‘புரவலர் கூடல்’ எனலாம்.

கொடுத்தல் ஒரு கணம். புரத்தல் பல நாள்.