ஆறில்லாத தீவும் கனகராயன் ஆறும்

எங்கள் நெடுந்தீவில் ஆறு கிடையாது. பல கிணறுகளில் தண்ணீர் உவர். மாரி மழை பொய்த்தால் அந்த வருஷம் வயலும் இல்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் சொந்தக்காரர் எங்கே என்று கேட்டால் பலர் கிளிநொச்சி என்கிறார்கள். ஏன் அங்கே போனார்கள் என்றால் முழிக்கிறார்கள். பிள்ளைகளில் பிழையில்லை, நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

வன்னியில் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டத் தொடங்கியது 1902இல். முடிய ஏறத்தாழ இருபது வருஷம் எடுத்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது 1935இல். அடுத்த வருஷமே, யாழ்ப்பாணத்துச் சன நெருக்கத்துக்கும் வேலையின்மைக்கும் வழியாக, அந்தக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சிக் குடியேற்றம் ஆரம்பமானது.

தண்ணீர் இருந்தது, மற்றதெல்லாம் காடு. யானைக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் நடுவில் மரம் தறித்து, வரம்பு கட்டி, நெல் விதைத்தார்கள். நெடுந்தீவுக் குடும்பங்களும் காலத்துக்குக் காலம் கடல் கடந்து போய் அவர்களோடு சேர்ந்தன. கடலை அறிந்த கைகள் வாய்க்கால் வெட்டப் பழகின.

2008-09 போரில் ஊரே இடம்பெயர்ந்தது. தண்ணீர்த் தாங்கியும் சரிந்தது. பலருடைய காணி அனுமதிப்பத்திரங்களும் அந்த ஓட்டத்தில் போயின.

யாருடைய பெட்டியிலாவது அப்பப்பா காலத்துப் பத்திரம் ஒன்று மிஞ்சியிருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.