பொம்மிடியின் இருப்புப்பாதையும் அணைந்துபோன உலைகளும்

சேர்வராயன் மலைக்கு வடக்கே, சென்னையையும் சேலத்தையும் இணைக்கும் இருப்புப்பாதையின் மீது அமைந்துள்ள பொம்மிடியின் வரலாறு, நீராவி எந்திரம் ஒரு வட்டாரத்தின் வாழ்வை எவ்வாறு மாற்றியமைத்தது என்பதற்குத் தக்க சான்றாகும்.

இருப்புப்பாதைக்கு முன்பே பழைய சேலம் மாவட்டம் இரும்புக்குப் பெயர்பெற்றிருந்தது. தீர்த்தமலை, கஞ்சமலை முதலிய மலைகளில் கிடைத்த காந்தத் தாதுவை, அதாவது காந்தத்தால் ஈர்க்கப்படும் கருநிற இரும்புக் கனிமத்தை, உலைக்காரர்கள் இடித்துப் பொடியாக்கி, ஆளுயரத்தைக்கூட எட்டாத மண் உலையில் மரக்கரியோடு மாறிமாறி இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் மணிக்கணக்கில் ஊதி, அடியில் திரண்ட இரும்புக் கட்டியைச் சம்மட்டியால் அடித்துச் சிட்டத்தை, அதாவது உருகிய கழிவை, நீக்கினர். ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் நிறுவிய ஆலை சேலத்துத் தாதுவை நம்பியே எழுந்தது. ஆயினும் மரக்கரிக்காகக் காடுகளைத் தின்ற அம்முயற்சி நிலைக்கவில்லை.

1856-இல் இராயபுரத்திலிருந்து ஆற்காடு வரை ஓடத் தொடங்கிய மதராஸ் ரயில்வே, 1860-களின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தைக் கடந்து மேற்குக் கடற்கரையை எட்டியது. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள் ஒரு மைலுக்கு 1,760 வீதம் தேவைப்பட்டதோடு, எந்திரங்களும் விறகையே எரித்ததால், அதே காடுகள் மீண்டும் வெட்டுண்டன. 1856-இல் காடுகளின் காப்பாளராக அமர்த்தப்பட்ட ஹியூ கிளெக்ஹார்ன் இவ்வழிவைக் குறித்து எச்சரித்தார். 1882-ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் எஞ்சிய காட்டை அரசின் கட்டுப்பாட்டில் வைத்தபோது, கரி சுடுவோரின் உரிமையும் சுருங்கியது. மலிவான ஆங்கிலேய இரும்பு கப்பலிலும் ரயிலிலும் வந்து சந்தையை நிறைக்க, கரிக்கும் விலைக்கும் ஒருசேரத் தவித்த உள்ளூர் உலைகள் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலும் அணைந்தன.

எந்திரத்தின் பயனும் எல்லா ஊர்களுக்கும் ஒப்பப் பகிரப்படவில்லை. 1876–78 பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்ட பின்னரும், பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுசெல்லும் நோக்குடன் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலச் சிறுபாதை இடப்பட 1906 வரை ஆயிற்று. பின்னர் ஓசூர் வரை நீண்ட அப்பாதையும் 1941-இல் மூடப்பட்டு, அதன் தண்டவாளங்கள் போர்த் தேவைக்காகப் பெயர்க்கப்பட்டன. முதன்மைப் பாதையில் இருந்த பொம்மிடியோ தன் நிலையத்தை இழக்கவில்லை.

ஆகவே, பொம்மிடிக்குக் கிட்டிய போக்குவரத்து மெய்யான நன்மையே எனினும், அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் காட்டையும் உலையையும் நம்பி வாழ்ந்த மக்களே. தொழில் வளர்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் ஓடிய ரயில்களோடு அம்மக்களின் இழப்பையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மையாகும்.