பினாங்குத் தீவின் உணவும் காட்சியிடங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பினாங்குத் தீவுக்குச் செல்வோர் பலர் உண்பதற்கும் காண்பதற்கும் என்றே செல்கின்றனர். நாசி கண்டார்க் கடைகளையும் ஜார்ஜ்டவுன் நகரின் பழைய தெருக்களையும் நாமும் பொழுதுபோக்குக்குரியனவாகவே கருதிவிடுகிறோம். எனினும், தம் வாழ்வை ஏட்டில் எழுதிவைக்காத உழைப்பாளர் விட்டுச்சென்ற சான்றுகளுள் இவையும் அடங்கும். இச்சான்றுகளைத் தமிழர் குடியேற்ற வரலாற்றின் பின்னணியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டாரும் துறைமுகமும்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாக்கினார். அதற்கு முன்னரே கெடாக் கரையில் வணிகம் செய்துவந்த தமிழ் முஸ்லிம்கள் புதிய துறைமுகத்தை நாடி வந்தனர். அவர்களைத் தொடர்ந்து சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் படகோட்டிகளும் சுமைகூலிகளும் வந்து சேர்ந்தனர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பும் இத்தீவின் தொடக்ககாலச் சாலைகளில் கலந்துள்ளது.

இன்று தீவின் அடையாளமாகப் போற்றப்படும் நாசி கண்டார் இத்துறைமுக வாழ்வில் பிறந்த உணவாகும். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவுதடி. தமிழ் முஸ்லிம் வணிகர் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பு வகைகளையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சென்று துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனர். பிற்காலத்தில் காவுதடி மறைந்து கடைகள் தோன்றின. கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதாக அறியப்படுகிறது. பல குழம்புகளைச் சோற்றின்மீது கலந்து ஊற்றும் முறை இன்றும் தொடர்கிறது. உணவின் பெயர் அதன் சுவையையோ சேர்மானத்தையோ சுட்டவில்லை; சுமந்தவரின் கருவியையே சுட்டுகிறது என்பது நாம் சிந்திக்கத்தக்கது. இத்தகைய கடைக்காரரைக் குறிக்கும் 'மாமாக்' என்னும் மலாய் வழக்கும் 'மாமா' என்னும் தமிழ் உறவுச்சொல்லின் வழிவந்ததாகவே கருதப்படுகிறது.

தெருக்களும் வழிபாட்டிடங்களும்

மார்க்கெட் தெருவைத் தமிழர் கடைத்தெரு என்றனர். பினாங்குத் தெரு, வட்டித்தொழில் புரிந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களால் செட்டித் தெரு எனவும் அறியப்பட்டது. சூலியா தெருவின் பெயர் தமிழ் முஸ்லிம் குடியேற்றத்தை நினைவூட்டுகிறது. அருகிலுள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தோற்றம் பெற்றது. அச்சமூகத்தின் தலைவரான காதர் முகைதீன் அதன் நிறுவனராக அறியப்படுகிறார். தென்னிந்தியரைப் பொதுவாகச் சுட்டிய 'கிளிங்' என்னும் சொல் பின்னாளில் இழிசொல்லாக மாறியது. ஆயினும், பள்ளிவாசலின் பெயரில் அதன் பழைய பொருள் நிலைபெற்றிருக்கிறது. குவீன் தெருவிலுள்ள அருள்மிகு மகாமாரியம்மன் ஆலயம் 1833இல் எழுப்பப்பட்டது. இரு சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் சில நிமிட நடைத்தொலைவில் அமைந்திருப்பது துறைமுக நகரின் இயல்பைக் காட்டுகிறது.

இத்தெருக்களைத் தண்ணீர்மலையோடு இணைப்பது தைப்பூசம். அதற்கு முந்திய நாள் செட்டியார்களின் வெள்ளிரதம் நகரிலிருந்து புறப்படுகிறது. 2017 முதல் தங்கரதமும் வலம் வருகிறது. வழியெங்கும் சீனர்களும் தேங்காய் உடைக்கின்றனர். தண்ணீர்ப்பந்தல்களில் இன வேறுபாடின்றி உணவும் நீரும் வழங்கப்படுகின்றன. மலையுச்சியில் 513 படிகளைக் கொண்ட முருகன் ஆலயம் 2012இல் குடமுழுக்குக் கண்டது. இங்குக் காட்சியும் உணவும் ஒன்றாகிவிடுவதை நாம் காண்கிறோம்.

பாதுகாப்பும் இழப்பும்

1948ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கட்டடங்களுக்குரிய வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடு முற்றாக முடிவுக்கு வந்தது. வாடகை உயரவே, பழைய நகரில் வாழ்ந்த குடும்பங்களும் சிறுவணிகரும் பெருமளவில் வெளியேறினர். 2008ஆம் ஆண்டு ஜூலையில் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்கள் காக்கப்பட்டன, கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. அவற்றிற்குப் பொருள் தந்த மக்கள் அகன்றபின் எஞ்சுவது மரபுரிமையா, அதன் புறத்தோற்றமா என்னும் வினா நம்முன் நிற்கிறது. சுவர்களைக் காக்கச் சட்டம் உண்டு. தெருவின் தமிழ்ப் பெயரைக் காக்க அதனை வழங்குவோரே வேண்டும்.

முடிவுரை

பினாங்கின் உணவும் காட்சியிடங்களும் தமிழர் உழைப்பு வரலாற்றின் வாழும் சான்றுகள் என்பதை மேற்கண்டவை புலப்படுத்துகின்றன. மாணவரைப் பினாங்குக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், காவுதடியின் வரலாற்றைக் கூறிய பின்னர் அவர்களை உணவகத்துள் அழைத்துச் செல்லலாம். கடைத்தெருவில் இன்னும் வணிகம் புரியும் முதியோரிடம் அவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவுசெய்யச் சொல்லலாம். கட்டடங்கள் நாளையும் இருக்கும். அம்முதியோர் இருக்கும்போதே நாம் கேட்டாக வேண்டும்.